மரத்தில் கட்டிய வேகப்படகு: அடிப்பாகத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

வட அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய ஊர்களில் கோடை பிறந்தவுடன் மரப்படகுக் காட்சிகள் தொடங்கிவிடுகின்றன. மிச்சிகனிலும் ஒண்டாரியோவிலும் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் படகுத்துறைகளில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் மகோகனிப் படகுகளைப் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் அவற்றின் வார்னிஷ்தான். அந்தப் பளபளப்பில் மயங்கி நின்றுவிடுவது எளிது. ஆனால் ஒருவரின் தேவைக்கென்றே தனியாக வரைந்து, மரத்தில் கட்டப்படும் வேகப்படகின் அழகு வார்னிஷில் தொடங்குவதில்லை. தண்ணீரைத் தொடும் அடிப்பாகம் எப்படி இருக்க வேண்டும், எஞ்சின் எங்கே அமர வேண்டும், மரம் எந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே மேலே நாம் காணும் வடிவமாக மாறுகின்றன. ஆகவே இத்தகைய படகுகளைப் புரிந்துகொள்ள விரும்புபவரும், என்றேனும் ஒன்றைக் கட்டச் சொல்ல எண்ணுபவரும் கீழிருந்து மேலாகப் பார்க்கப் பழக வேண்டும். பின்வரும் படிகளை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

முதல் படி: பழைய படகுகளை நேரில் பாருங்கள்

புகைப்படங்கள் இந்தப் படகுகளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன. நியூயார்க் மாநிலத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிளேட்டன் என்னும் சிற்றூரில் பழம்படகு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. டொரொண்டோவில் வாழும் தமிழர்கள் பலர் ஆயிரம் தீவுகளைப் பார்க்கச் செல்லும் அதே பகுதிதான். எல்லையைக் கடந்தால் போதும். ஜான் ஹேக்கர் வடிவமைத்து 1948இல் கட்டப்பட்ட 48 அடி நீளமுள்ள 'பார்டன் மீ' என்ற பெரும் படகு அங்கேதான் இருக்கிறது. ஒண்டாரியோவின் கிரேவன்ஹர்ஸ்ட் நகரில் மஸ்கோகா ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் பழைய மரப்படகுகளைத் தண்ணீரில் மிதக்கும் நிலையிலேயே காணலாம். மிச்சிகனின் வடபகுதியில் உள்ள ஹெஸ்ஸல் ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் மரப்படகுக் காட்சி நடக்கிறது. அங்கு உரிமையாளர்களே படகின் அருகில் நிற்பார்கள் என்பதால், கேள்வி கேட்க விரும்பும் புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

செல்வதற்கு முன் சில பெயர்களைத் தெரிந்துகொண்டால் பார்ப்பது பொருள்படும். மிச்சிகனின் அல்கோனாக் ஊரில் கிறிஸ்டோஃபர் கொலம்பஸ் ஸ்மித் தொடங்கிய பட்டறையே பின்னாளில் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனமாக வளர்ந்தது. அவரோடு இணைந்து பந்தயப் படகுகளைக் கட்டத் தொடங்கிய கார் வுட், 1931இல் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தண்ணீரில் முதன்முதலாகத் தாண்டினார்; மறு ஆண்டே நான்கு பேக்கார்டு விமான எஞ்சின்கள் பொருத்திய 'மிஸ் அமெரிக்கா 10' என்ற மகோகனிப் படகில் ஏறத்தாழ 125 மைல் வேகத்தை எட்டினார். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜான் ஹேக்கர் இன்றளவும் பலர் பின்பற்றும் உருவ விகிதங்களை வகுத்தவர். இத்தாலியில், இசேயோ ஏரிக்கரையிலுள்ள சார்னிக்கோவில் கார்லோ ரீவா 1962இல் அறிமுகப்படுத்திய அக்வாரமா, 1996 வரை கட்டப்பட்டது.

இவர்கள் அனைவருடைய படகுகளுக்கும் மேலாக, ஒரு புதியவர் தேடிப் பார்க்க வேண்டியது என்று நான் கருதுவது 'பேபி பூட்லெக்கர்' என்ற படகு. ஜார்ஜ் கிரவுச் வடிவமைத்து 1924இல் நியூயார்க்கின் சிட்டி ஐலண்டில் ஹென்றி நெவின்ஸ் பட்டறையில் கட்டப்பட்ட அது, 30 அடிக்குச் சற்றே குறைவான நீளமுடையது. முதல் உலகப்போர்க் கால ஹிஸ்பானோ-சுய்சா விமான எஞ்சினால் இயங்கியது. அதன் பக்கவாட்டைப் பார்க்கும்போது மேல்தளம் எங்கே முடிகிறது, பக்கச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மற்ற படகுகளில் கூர்மையான விளிம்பாக நிற்கும் அந்த இடத்தில், மரத்தைக் குடைந்தும் இழைத்தும் உருட்டி, மேல்தளத்தைப் பக்கத்தோடு ஒரே வளைவாக இணைத்திருக்கிறார்கள். பொதுவாகப் படகின் நீளத்தைக் கண்ணுக்கு உணர்த்துவது அந்த விளிம்புக் கோடே ஆகையால், அது மறைந்துவிட்ட பேபி பூட்லெக்கர் நின்றிருக்கும்போதும் ஓடுவது போன்ற தோற்றத்தைத் தருகிறது.

அந்தப் படகின் வெற்றியே அடிப்பாகத்தைப் பற்றிய ஒரு வழக்கோடு பிணைந்தது. அமெரிக்காவின் விசைப்படகுப் போட்டியான கோல்டு கப்பின் அன்றைய விதிகள், அடிப்பாகத்தில் படி, அதாவது குறுக்கே செல்லும் உயர வேறுபாடு, அமைப்பதைத் தடை செய்திருந்தன. படி இருந்தால் அதன் பின்னே காற்று புகுந்து, நீரோடு உரசும் பரப்பு குறைந்து, வேகம் கூடும். 1924ஆம் ஆண்டுப் போட்டியில் முதலில் வந்த கனடாவின் 'ரெயின்போ 4', கிரேவன்ஹர்ஸ்டில் டிச்பர்ன் நிறுவனம் கட்டியது. அதன் அடிப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. அந்தச் சிறு ஏற்றங்கள் அனைத்தும் படிகளாகவே வேலை செய்கின்றன என்று கூறி அதைத் தகுதிநீக்கம் செய்தார்கள்; கோப்பை பேபி பூட்லெக்கருக்குச் சென்றது. மறு ஆண்டு அதே படகு மீண்டும் வென்றது. பலகையின் விளிம்பில் சில மில்லிமீட்டர் உயரம் ஒரு கோப்பையையே மாற்றியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லலாம்.

இரண்டாம் படி: அடிப்பாகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டிரெய்லரில் ஏற்றப்பட்ட படகு ஒன்றின் பின்புறம் சென்று, கண்கள் அடிப்பாகத்தின் உயரத்துக்கு வரும்படி தாழ்ந்து பாருங்கள். மெதுவாகச் செல்லும் படகு நீரை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடும்போது, தக்க வடிவமுள்ள அடிப்பாகத்தை நீர் கீழிருந்து உந்தி மேலே தூக்குகிறது. படகு பெரும்பாலும் நீருக்கு மேலே எழுந்து வழுக்கி ஓடுகிறது. இதைப் பிளேனிங் என்பார்கள். பிளேனிங் வடிவமே ஒரு படகை வேகப்படகு ஆக்குகிறது. எஞ்சினின் ஆற்றல் அதற்குப் பின்னர்தான் வருகிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அடிச்சாய்வு. பின்பலகையின் நடுவிலிருந்து இரு பக்கங்களுக்கும் அடிப்பாகம் எத்தனை பாகை மேல்நோக்கிச் சாய்கிறது என்பதே அடிச்சாய்வு. 1920களிலும் 30களிலும் கட்டப்பட்ட படகுகளில் அணியம் எனப்படும் முன்முனையின் அடியில் கூர்மையாக இருக்கும் இந்த வடிவம், பின்னோக்கிச் செல்லச் செல்ல முறுகி, பின்தலையில் ஏறத்தாழத் தட்டையாகிவிடும். தட்டையான பரப்பு குறைந்த ஆற்றலிலேயே படகைத் தூக்கிவிடும் என்பதால் அமைதியான ஏரியில் அது மிகச் சிறந்தது. அலை அடித்தால் அதே தட்டைப் பரப்பு நீரில் அறைந்து, உள்ளே இருப்பவரின் முதுகெலும்பு வரை அதிரும். இதற்கு மாற்றாக ரேமண்ட் ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பின்தலை வரையிலும் ஏறத்தாழ 24 பாகைச் சாய்வைக் குறையாமல் கொண்டுசெல்லும் ஆழ்ந்த வடிவத்தை உருவாக்கினார். அவர் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகு 1960இல் கொந்தளித்த கடலில் மயாமி-நசாவ் பந்தயத்தை வென்றபின், கடலில் ஓடும் வேகப்படகுகளின் வடிவமே மாறிப்போனது. ஆழ்ந்த சாய்வுக்கும் விலை உண்டு: அதை மேலே தூக்க அதிக ஆற்றல் வேண்டும், நின்ற நிலையில் அது பக்கவாட்டில் எளிதாக ஆடும்.

எனவே கட்டச் சொல்லும் முன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, இந்தப் படகு எந்த நீரில் ஓடப்போகிறது என்பதுதான். காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் சிற்றேரி என்றால் பழைய தட்டை வடிவமே போதும், அது அழகும் கூட. மிச்சிகன் ஏரியைப் போன்ற திறந்த நீர்ப்பரப்பு என்றால், முகம் பழைய காலத்தது போல் இருக்கலாம். அடிப்பாகம் இன்றையதாக இருந்தே ஆக வேண்டும். தோற்றத்தில் 1930ஆம் ஆண்டையும் நீருக்கடியில் நம் காலத்தையும் கொண்ட படகுகள் இன்று நிறையக் கட்டப்படுகின்றன. அதை நான் போலி என்று கருதவில்லை. ஹேக்கர் இன்று உயிரோடிருந்தால் அவரும் அதையே செய்திருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடிப்பாகத்தில் வேறு சிலவற்றையும் கவனியுங்கள். அடியும் பக்கச் சுவரும் சந்திக்கும் மடிப்பு கூர்மையாக இருந்தால் நீர் அங்கே முறிந்து வெளியே தெறித்துவிடும்; மழுங்கியிருந்தால் பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டு மேலேறும், அமர்ந்திருப்பவர்கள் நனைவார்கள். நீளவாக்கில் ஓடும் மெல்லிய பட்டைகள் நீரைக் கீழ்நோக்கித் திருப்பித் தூக்குவிசையைக் கூட்டுகின்றன. பின்தலையை ஒட்டிய கடைசிச் சில அடிகளில் நீளவாக்கில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் குழிவோ புடைப்போ இருக்கக் கூடாது. சிறிய புடைப்புகூட வேகத்தில் அணியத்தை மேலும் கீழுமாகக் குதிக்க வைக்கும். குழிவு அணியத்தை அமுக்கிவிடும்.

மூன்றாம் படி: எடைக்கணக்கைப் போடுங்கள்

பேபி பூட்லெக்கரை வடிவமைத்த அதே கிரவுச் விட்டுச்சென்ற சூத்திரம் ஒன்றை இன்றும் வடிவமைப்பாளர்கள் முதற்கணிப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். பிளேனிங் படகின் வேகம், அதன் குதிரைத்திறனை எடையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும் என்பதே அதன் சாரம். இதன்படி அதே படகில் வேகத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு குதிரைத்திறன் வேண்டும். எடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வேகம் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடும். எடையைக் குறைக்காமல் அதே பலனைப் பெற எஞ்சினின் ஆற்றலை நான்கில் ஒரு பங்கு கூட்ட வேண்டியிருக்கும். பெரிய எஞ்சின் தன் எடையையும் கூடுதல் எரிபொருளின் எடையையும் சேர்த்துக்கொண்டே வரும் என்பதால் நடைமுறையில் அந்தப் பலனும் முழுதாகக் கிடைக்காது.

மரம் இங்கேதான் தன் தகுதியைக் காட்டுகிறது. எடையோடு ஒப்பிட்டால் மரத்தின் விறைப்பு மிக அதிகம். சாதாரணக் கண்ணாடியிழையால் அதே விறைப்பைப் பெற வேண்டுமானால் பெரும்பாலும் எடை கூடிவிடும். மீண்டும் மீண்டும் அலையில் மோதும்போது ஏற்படும் களைப்பை மரம் நன்றாகத் தாங்குகிறது, அதிர்வை உள்வாங்கிக்கொள்கிறது. நன்கு கட்டிய மரப்படகில் வேகமாகச் செல்லும்போது அலை மோதும் ஓசை கனத்து, அடங்கி ஒலிக்கும். மெல்லிய கண்ணாடியிழைப் படகுகளில் எழும் வெற்றுப் படபடப்பு அதில் இராது. ஒருமுறை இரண்டிலும் அடுத்தடுத்துப் பயணம் செய்து பார்த்தால் இந்த வேறுபாடு காதுக்கே புரிந்துவிடும்.

நான்காம் படி: கட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய முறையில், படகின் அடிநடுவில் முதுகெலும்பு போல் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையின் மேல் குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் பலகைகளை வெண்கலத் திருகாணிகளால் இறுக்குவார்கள். பந்தயப் படகுகளுக்கு இரண்டு அடுக்குப் பலகைகள் இட்டு, நடுவே பசை தோய்த்த துணியை வைத்ததும் உண்டு. இத்தகைய படகு நீரில் ஊறிப் பலகைகள் உப்பி இறுகிய பின்பே முழுமையாக நீர் புகாமல் நிற்கும். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் காய்ந்த படகை வசந்தத்தில் இறக்கியவுடன் கசிவதும், ஓரிரு நாட்கள் தூக்குப் பட்டைகளில் தொங்கவிட்டபடி ஊறவைப்பதும் வழக்கமான காட்சிகள். சனிக்கிழமை காலை டிரெய்லரில் இழுத்துவந்து இறக்கி, மாலையில் ஏற்றிக்கொண்டு போக விரும்புபவருக்கு இந்த முறை பொருந்தாது.

இரண்டாவது முறைக்குக் குளிர்வார்ப்பு என்று பெயர் சொல்லலாம். பட்டறைகளில் கோல்டு மோல்டிங் என்கிறார்கள். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்தகடுகளை, கவிழ்த்து வைத்த அச்சின் மேல் சாய்வாக ஒட்டுகிறார்கள். முதல் அடுக்கு ஒரு பக்கமாக 45 பாகை சாய்ந்திருந்தால், அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்; வெளி அடுக்கு மட்டும் கண்ணுக்கு இதமாக நீளவாக்கில் ஓடும். அடுக்குகளுக்கு இடையே எபாக்ஸி என்ற செயற்கைப் பிசினால் ஆன பசை. பசை இறுகும்வரை தகடுகளை அழுத்திப் பிடிக்கச் சிறு கம்பித் தையல்களை அடித்துப் பின்னர் பிடுங்குவார்கள், அல்லது முழுவதையும் நெகிழித்தாளால் மூடி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வளிமண்டல அழுத்தத்தாலேயே அழுத்துவார்கள். ஒவ்வொரு தகடும் பக்கத்துத் தகட்டோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். படகின் உருவம் எங்கும் இருபுறமாக வளைவதால் நேர்விளிம்புள்ள இரு தகடுகள் ஒன்றோடொன்று ஒருபோதும் சேர்வதில்லை. ஆகவே ஒவ்வொன்றின் விளிம்பையும் இழைப்புளியால் தனித்தனியே சீவி, வைத்துப் பார்த்து, மீண்டும் சீவி ஒட்டுகிறார்கள். ஒரு படகுக்கு இப்படி நூற்றுக்கணக்கான தகடுகள். விலையில் பெரும்பகுதி மரத்துக்குப் போவதில்லை என்பதை இந்த வேலையைச் சற்று நேரம் அருகில் நின்று பார்த்தால் யாரும் விளங்கிக்கொள்வார்கள்.

எபாக்ஸியால் மரத்தை முழுவதுமாக மூடி ஈரம் ஏறி இறங்காமல் நிறுத்தும் நுட்பத்தைப் படகுகட்டுநர்களிடையே பரப்பியவர்கள் மிச்சிகனின் பே சிட்டியைச் சேர்ந்த கூஜன் சகோதரர்கள். அவர்கள் 1970இல் கட்டிய 'அடாஜியோ' என்ற மூவுடல் பாய்மரப்படகு இம்முறைக்கு முன்னோடி. இப்படிக் கட்டிய படகு ஊறவும் வேண்டியதில்லை, உப்பவும் செய்யாது, டிரெய்லரில் வைத்திருக்கலாம். இதைவிட முக்கியமான பலன் ஒன்றை வடிவமைப்பாளர்கள் உடனே கண்டுகொண்டார்கள். தடித்த பலகை ஒரு திசையில்தான் மனமுவந்து வளையும். அதனால் பழைய படகுகளின் உருவம் பலகையின் சம்மதத்துக்கு உட்பட்டே அமைந்தது. மெல்லிய தகடுகளோ முட்டையோட்டைப் போல எல்லாத் திசையிலும் வளைந்த பரப்பைக்கூட எடுத்துக்கொள்ளும். 1924இல் பேபி பூட்லெக்கரில் குடைந்தும் இழைத்தும் வருவித்த அந்த உருட்டல், இன்று படகின் எந்தப் பகுதியிலும் சாத்தியம். 1977இல் தொடங்கப்பட்டு, மிச்சிகனின் பாய்ன் சிட்டியில் இயங்கும் வான் டாம் பட்டறை போன்றவை மரத்தில் முன்பு இயலாதிருந்த வடிவங்களைக் கட்டிக்காட்டுவது இந்த முறையால்தான்.

கட்டச் சொல்பவருக்கு என் தெளிவான பரிந்துரை குளிர்வார்ப்பு முறை. பழைய படகு ஒன்றை அதன் காலத்து முறையிலேயே காப்பாற்ற விரும்பினால் மட்டும் முதல் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: மரத்தைப் பற்றிப் பேசுங்கள்

பழம்பெரும் படகுகள் பலவற்றில் பயன்பட்டது மத்திய அமெரிக்க மகோகனி. அளவுமீறி வெட்டப்பட்டதால் அது 2003 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. இன்று ஆப்பிரிக்க மகோகனியும், சப்பேலி என்ற மற்றோர் ஆப்பிரிக்க மரமும் அந்த இடத்தை நிரப்புகின்றன. எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். நல்ல கட்டுநர் கேட்காமலேயே காட்டுவார். சட்டங்களுக்கு வெள்ளை ஓக் சிறந்தது, ஏனெனில் அதன் நுண்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் நீர் உள்ளேறாது. சிவப்பு ஓக் பார்ப்பதற்கு அதைப் போலவே இருந்தாலும் அதன் குழாய்கள் திறந்தவை, படகுக்கு ஆகாது.

நம் ஊர் வாசகர்கள் உடனே கேட்பது தேக்கைப் பற்றித்தான். தேக்கு நீரிலும் வெயிலிலும் நிலைக்கும் என்பது உண்மை. ஆனால் அது மகோகனியைவிடக் கனமானது. அதிலுள்ள எண்ணெய்ப்பசை ஒட்டுபசையின் பிடிமானத்தைக் கெடுக்கும் என்பதால் ஒட்டுமுன் கரைப்பானால் துடைத்தெடுக்க வேண்டியிருக்கிறது. எடையை எண்ணிப் பார்க்கும் வேகப்படகில் அதன் இடம் காலடித் தளங்களோடு நின்றுவிடுகிறது.

வெளித்தெரியும் பரப்புக்கு வேண்டிய மரம் முழுவதையும் ஒரே அடிமரத்திலிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே மரத்தை அறுத்து, ஒரு பலகையை இடப்பக்கத்துக்கும் அதன் இணையை வலப்பக்கத்துக்கும் வைத்தால், ரேகைகள் நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றை ஒன்று பார்த்தபடி ஓடும். வெவ்வேறு மரங்களிலிருந்து எடுத்த பலகைகளைச் சாயம் பூசி ஒப்பேற்றலாம். சில ஆண்டு வெயிலில் ஒவ்வொன்றும் தன் நிறத்துக்குத் திரும்பிவிடும்.

ஆறாம் படி: மேல்தோற்றத்தை இப்போது பாருங்கள்

இதுவரை வந்தவருக்கு மேல்தோற்றத்தின் காரணங்கள் தாமே விளங்கத் தொடங்கும். பழைய படகுகளின் நீண்ட முன்தளமும், இரண்டு மூன்றாகப் பிரிந்த இருக்கைக் குழிகளும், நடுவே நீண்ட மூடிகளும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. எடை மிகுந்த எஞ்சினை நடுவில் வைத்துச் சாய்வான தண்டின்மூலம் புரொப்பல்லரைச் சுழற்ற வேண்டியிருந்ததால், பயணிகள் அதற்கு முன்னும் பின்னுமாக அமர நேர்ந்தது. எஞ்சினைப் பின்தலைக்குக் கொண்டுபோனால் நடுப்பகுதி முழுவதும் மக்களுக்குக் கிடைக்கும், ஆனால் அந்த நீண்ட நேர்த்தியான உருவம் போய்விடும். கட்டச் சொல்பவர் இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும், பின்னர் மாற்ற இயலாது. ஓட்டும் மகிழ்ச்சியே பெரிது என்பவருக்கு நடு எஞ்சின். பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் குடும்பத்தோடு செல்பவருக்குப் பின் எஞ்சின். இரண்டையும் ஒரே படகில் சேர்க்க முயன்றவை பெரும்பாலும் இரண்டிலும் சுமாராகவே அமைந்திருக்கின்றன.

மேல்விளிம்புக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். அணியத்திலிருந்து பின்தலைவரை எங்கும் திடுக்கென்று திசைமாறாமல் அது ஓட வேண்டும். முற்காலத்தில் பட்டறைத் தரையில் முழு அளவில் கோடுகளை வரையும்போது மெல்லிய மரச்சட்டத்தை ஆணிகளுக்கிடையே வளைத்து, சட்டம் தானாக எடுக்கும் வளைவையே படகுக்குத் தருவார்கள். இன்று கணினியில் வரைந்தாலும், நல்ல கட்டுநர்கள் அச்சை நிறுத்தியபின் அதே மரச்சட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். திரையில் தெரியாத புடைப்பைச் சட்டம் காட்டிக்கொடுத்துவிடும். பின்தலையை ஒட்டிப் பக்கச் சுவர்கள் உட்புறமாகச் சாய்ந்து உருண்டு முடியும் வடிவத்தையும் தேடுங்கள். கிறிஸ்-கிராஃப்டின் 1940ஆம் ஆண்டையொட்டிய பீப்பாய்முதுகுப் படகுகளில் அது முழு அழகோடு அமைந்தது. அணியத்தின் உலோக முனை, கைப்பிடிகள், விளக்குகள் ஆகியவற்றை அந்தப் படகுக்கென்றே வார்ப்பிக்க வேண்டுமா, கடையில் வாங்கியவை போதுமா என்பது செலவைப் பெரிதும் மாற்றும். கையால் தொடும் பொருட்களில் மட்டும் தனி வார்ப்புக்குச் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஏழாம் படி: கட்டச் சொல்லும்போது

முதலில் ஒரு பக்கத்தில் உங்கள் தேவையை எழுதுங்கள்: எந்த நீர், எத்தனை பேர், என்ன வேகம், டிரெய்லரா படகுக் கொட்டகையா, யார் ஓட்டுவார்கள். விரும்பிய படகுகளின் படங்களை இந்தக் காகிதத்துக்குப் பின்னரே வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். படத்திலிருந்து தொடங்கும் திட்டம் அடிப்பாகத்தை மறந்துவிடும். வடிவமைப்பாளர் தனியாகவும் கட்டுநர் தனியாகவும் இருந்தால், எடைக்கும் வேகத்துக்கும் பொறுப்பேற்பவர் யார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். இத்தகைய படகுக்கு ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு தேவை. ஓராண்டுக்கு மேல் காத்திருக்க ஆயத்தமாக இருங்கள்.

உருவம் உறுதியாகும் முன் இருக்கைகள், சுக்கான் சக்கரம், கண்ணாடித் தடுப்பு ஆகியவற்றை ஒட்டுப்பலகையில் முழு அளவில் செய்துகாட்டச் சொல்லி அமர்ந்து பாருங்கள். நின்றும் பாருங்கள். அணியம் உயரும் நேரத்தில் முன்னே தெரியுமா என்பதை வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. அச்சு நின்றபோதும், வெளி அடுக்கு ஒட்டும் முன்பும், படகைத் திருப்பி நிமிர்த்தும் நாளிலும் பட்டறைக்குச் சென்று வாருங்கள்.

வெள்ளோட்டத்தை நிறைந்த எரிபொருளோடும் நிறைந்த ஆட்களோடும் செய்யுங்கள். முழு வேகத்தில் எஞ்சின் தன் குறிப்பிட்ட சுழற்சி எண்ணிக்கையை எட்டுகிறதா, எட்டாவிட்டால் புரொப்பல்லர் அந்த எஞ்சினுக்கு அளவுமீறிப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். நேராக ஓடும்போது அணியம் குதிக்கக் கூடாது. இரு பக்கமும் கூர்மையாகத் திருப்பிப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து அலைக்குள் இறங்கும்போது நீர் உள்ளே வருகிறதா என்று கவனியுங்கள். கட்டுநர் ஓட்ட நீங்கள் பின்னிருக்கையில் அமர்ந்தும் ஒருமுறை செல்லுங்கள். அங்கு அமரப்போகிறவர்களின் அனுபவம் வேறு.

எட்டாம் படி: பராமரிப்பு

எபாக்ஸி வெயிலைத் தாங்காது. வார்னிஷ்தான் அதற்குக் குடை; ஆகவே பளபளப்பு மங்கும்வரை காத்திருக்காமல் ஆண்டுதோறும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து ஓரிரு பூச்சு ஏற்றுங்கள். தேய்ந்து மரம் வெளித்தெரிந்துவிட்டால் முழுவதையும் சுரண்டியெடுத்து மீண்டும் பல பூச்சுகள் இட நேரும். கொட்டகையில் நிற்கும் படகுக்குத் துணி உறை போதும். உறைக்குள் காற்றோட்டம் இருக்க வேண்டும். கடும் குளிர் வரும் ஊர்களில் எஞ்சினிலிருந்து நீரை முழுவதும் வடித்துவிடுங்கள், இல்லையேல் உறைந்து வார்ப்பைப் பிளந்துவிடும்.

மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் தொடங்காது. அந்த ஈரம் பெரும்பாலும் ஏரியிலிருந்து வருவதில்லை. மேல்தளத்தில் பொருத்திய கைப்பிடி, கொக்கி ஆகியவற்றின் திருகாணித் துளைகள் வழியாக இறங்கும் மழைநீர்தான் பெரும்பாலான மரப்படகுகளைக் கெடுத்திருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் வார்னிஷ் பூசும் முன் ஒவ்வோர் உலோகப் பொருளைச் சுற்றியும் மரத்தில் கருமை படர்ந்திருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். படர்ந்திருந்தால் அதன்மேல் பூசிவிடாதீர்கள். பொருளைக் கழற்றி, துளையை நன்றாக உலரவிட்டு, சற்றே பெரிதாக்கி எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே புதிதாகத் துளையிட்டு, அடியில் கசிவுத்தடுப்புப் பசை தடவி மீண்டும் பொருத்துங்கள். அதன் பின்பு வார்னிஷ் டப்பாவைத் திறக்கலாம்.